வாசகரோடு வளர்ந்த நூல்வரிசை

பிள்ளைகளுக்கென எழுதப்படும் கதைகளுக்கு ஒரு பொதுவிதி உண்டு. பிள்ளை வளரும், கதை வளராது. எட்டு வயதிலே உயிரென மதித்த புத்தகம் பன்னிரண்டு வயதிலே அலுமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும். பழைய சட்டை தோளுக்குப் போதாமற் போவது போலப் பழைய கதையும் மனத்துக்குப் போதாமற் போகின்றது. இதற்காக வருந்த வேண்டியதில்லை, அஃது இயற்கை. ஆயினும், இவ்விதிக்கு விலக்காக அமைந்த நூல்வரிசை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே தோன்றிற்று. 1997ஆம் ஆண்டு தொடக்கம் 2007ஆம் ஆண்டு வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹரி பொட்டர் கதைகளே அவை. அவற்றை அவை வெளிவந்த காலத்திலேயே வாசித்த பிள்ளைகள் கதாநாயகனோடு கூடவே வளர்ந்தனர். ஒரு கதை தன் வாசகரோடு வளர்வது எங்ஙனம்? அதனால் அவ்வாசகர் பெற்ற பயன் யாது? இவ்விரு வினாக்களும் பெற்றாரும் ஆசிரியரும் சிந்திக்கத் தக்கவை.

கதையின் பிறப்பை முதலிற் காண்போம். 1990ஆம் ஆண்டில், மன்செஸ்டரிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்ட புகையிரதம் ஒன்று தாமதமாயிற்று. அதிலே பயணஞ் செய்த ஜே. கே. ரோலிங் என்னும் இளம் பெண்ணின் மனத்தில், தான் மந்திரவாதி என்பதை அறியாத சிறுவன் ஒருவனின் உருவம் எழுந்தது. அவ்வாண்டின் இறுதியிலே, நெடுங்காலம் நோயுற்றிருந்த அவருடைய தாயார் காலமானார். தம் மகள் எழுதத் தொடங்கிய கதையைப் பற்றி அத்தாயார் ஒருபோதும் அறிந்திருக்கவில்லை. கதையில் வரும் அநாதைச் சிறுவனின் துயரம் தம் தாயாரின் மறைவுக்குப் பின்னரே ஆழம் பெற்றது என ஆசிரியை பிற்காலத்திற் கூறியுள்ளார். பின்னர் அவர் போர்த்துக்கல் நாட்டிலே ஆங்கிலம் கற்பித்தார். அங்கே மணஞ் செய்து, அம்மணவாழ்வு முறிந்தபின் கைக்குழந்தையுடன் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிற் குடியேறினார். அரசாங்க உதவிப் பணத்திலே வாழ்ந்த அக்காலத்தில், அந்நகரின் கோப்பிக் கடைகளில் அமர்ந்து கதையை எழுதி, தட்டச்சுப் பொறியிலே தாமே அச்சடித்து முடித்தார்.

அப்பிரதியைப் பல பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பின. புளூம்ஸ்பரி என்னும் லண்டன் பதிப்பகம் அதனை ஏற்றதற்கு ஒரு சிறுமியும் காரணமாவாள். பதிப்பகத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுசென்ற முதல் அத்தியாயத்தை அவருடைய எட்டு வயது மகள் வாசித்தாள். மீதியையும் தரும்படி தந்தையை நச்சரித்தாள். 1997ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி முதல் நூல் வெளிவந்தது. கெட்டி அட்டையிட்ட முதற் பதிப்பில் அச்சிடப்பட்டவை 500 பிரதிகளே. அவற்றுட் பெரும்பகுதி பொது நூல்நிலையங்களுக்குச் சென்றது. இன்று அந்நூல்வரிசை 80க்கும் மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.

கதையின் அமைப்பு எளிமையானது. பெற்றாரை இழந்து, அன்பில்லாத உறவினர் வீட்டிலே படிக்கட்டின் கீழுள்ள சிறு அறையில் வளர்கின்றான் ஹரி. பதினோராம் பிறந்தநாளில், அவன் ஹொக்வாட்ஸ் என்னும் மந்திரப் பாடசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளான் என்ற செய்தி கிடைக்கின்றது. விடுதியிலே தங்கிப் பயிலும் அப்பாடசாலையிற் கல்வி ஏழு ஆண்டுகள். ஓராண்டுக்கு ஒரு நூல் என ஏழு நூல்கள். அவனுடைய பெற்றாரைக் கொன்ற வொல்டமோர்ட் என்னும் கொடிய மந்திரவாதியோடு அவன் நிகழ்த்தும் போராட்டம் ஏழு நூல்களையும் இணைக்கும் சரடாகும்.

விடுதிப் பாடசாலைக் கதை ஆங்கில இலக்கியத்துக்குப் புதியதன்று. தோமஸ் ஹியூஸ் எழுதிய டொம் பிரௌன் கதை 1857ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. மாய உலகக் கதையும் புதியதன்று. சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளும் ஏழு நூல்களே; அவை 1950ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை வெளிவந்தன. ஆனால் நார்னியாவுக்குச் செல்லும் பிள்ளைகள் வளர்ந்ததும், இனி இங்கு வரலாகாது என அந்நாட்டிலிருந்து விடைகொடுத்து அனுப்பப்படுகின்றனர். ரோலிங் அம்மையாரின் கதையிலோ வளர்ச்சி வாயிலை அடைப்பதில்லை. பிள்ளை வளர வளர உள்ளே செல்லும் வழி நீள்கின்றது. பாடசாலைக் கதையின் ஒழுங்கான கால அட்டவணையையும் மாய உலகக் கதையின் வியப்பையும் ஒன்றாகப் பிணைத்தமையே அவர் செய்த புதுமை.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1997ஆம் ஆண்டில் பதினொரு வயதான ஒரு பிள்ளையை எண்ணிக்கொள்வோம். இரண்டாம் நூல் 1998இலும், மூன்றாம் நூல் 1999இலும், நான்காம் நூல் 2000ஆம் ஆண்டிலும், ஒவ்வொன்றும் யூலை மாதத்திலே வெளிவந்தன. ஹரியின் பிறந்தநாளும் யூலை மாதத்தின் இறுதி நாளே. ஆகவே முதல் நான்கு நூல்கள் வரை வாசகரும் நாயகனும் ஒரே அடியெடுத்து நடந்தனர். அவனுக்குப் பதினான்கு வயதானபோது அவர்களுக்கும் பதினான்கு. அதன்பின் இடைவெளி நீண்டது. ஐந்தாம் நூல் 2003இலும், ஆறாம் நூல் 2005இலும், ஏழாம் நூல் 2007இலும் வந்தன. இறுதி நூலிலே ஹரிக்குப் பதினேழு வயது, வாசகருக்கோ இருபத்தொன்று. வகுப்புத் தோழனாகத் தொடங்கியவன் ஈற்றிலே தம்பியாகி நின்றான். பதினேழு வயதுப் பையனுடைய பிடிவாதத்தையும் கோபத்தையும் இருபத்தொரு வயதினர் ஒரு மூத்தவரின் பரிவோடு நோக்க முடிந்தது.

நூல்களும் அளவில் ஒரே தன்மையனவாக இருக்கவில்லை. ஆங்கிலப் பதிப்பிலே முதல் நூல் 223 பக்கங்கள் கொண்டது. நான்காம் நூல் 636 பக்கங்கள். ஐந்தாம் நூல் 766 பக்கங்கள். பத்து வயதில் 223 பக்கங்களைத் தயங்கித் தயங்கி வாசித்த பிள்ளை, சில ஆண்டுகளிலே அதன் மும்மடங்குக்கு மேற்பட்ட நூலை இரண்டு மூன்று நாளில் வாசித்து முடித்தது. நீண்ட நூலைக் கண்டு அஞ்சாத பழக்கம் அறிவுரையினாலே வருவதில்லை. விருப்பத்தினாலே வருகின்றது என்பதற்கு இது கண்கூடான சான்று.

பக்கங்களின் வளர்ச்சியிலும் பெரியது பொருளின் வளர்ச்சி. முதல் நூலிலே நல்லவர் நல்லவர், தீயவர் தீயவர். பாடசாலையின் அதிபரான டம்பிள்டோர் அனைத்தும் அறிந்த தாத்தாவாகத் தோன்றுகின்றார். ஹரியின் இறந்த தந்தை குற்றமற்ற வீரராகத் தோன்றுகின்றார். சிறு பிள்ளைக்கு உலகம் அவ்வாறே தோன்றும். ஐந்தாம் நூலிலே, தன் தந்தை மாணவப் பருவத்தில் இன்னொரு மாணவனைக் காரணமின்றி அவமானப்படுத்திய காட்சியை ஹரி காண்கின்றான். அவ்வாறு அவமதிக்கப்பட்டவர் பிற்காலத்திலே ஹரியின் ஆசிரியராய், அவனை வெறுப்பவராய் விளங்கும் ஸ்னேப் ஆவார். ஏழாம் நூலிலே டம்பிள்டோரின் இளமைக் காலத் தவறுகளும் வெளிப்படுகின்றன. தாம் வணங்கிய பெரியோரும் பிழைசெய்யும் மனிதரே என்பதைப் பிள்ளைகள் உணரும் பருவம் பதினைந்து, பதினாறு வயது. அப்பருவம் வந்தபோது, அவ்வுண்மையைத் தாங்கிக்கொண்டு கதையும் வந்தது. பெரியோரின் குறையை அறிந்த பின்பும் அவர்மீது அன்பு வைத்தல் கூடும் என்பதையும் அது காட்டிற்று.

இவ்வனைத்துக்கும் அடிப்படையாக ஓடுவது மரணம் என்னும் பொருள். மாயக் கதையிலே இறந்தோர் உயிர்பெற்று எழுவர் எனப் பிள்ளைகள் எதிர்பார்ப்பது இயல்பு. இக்கதையிலே அவ்வாறு நிகழ்வதில்லை. எந்த மந்திரமும் இறந்தவரை மீட்டுத் தராது. முதல் நூலிலே, உள்ளத்தின் ஆழ்ந்த ஆசையைக் காட்டும் கண்ணாடி ஒன்றைச் சிறுவன் காண்கின்றான். அதிலே அவனுடைய பெற்றார் தெரிகின்றனர். இரவு தோறும் அதன் முன்னே சென்று அமர்கின்றான். கனவிலே மூழ்கி வாழ்வை மறந்துவிடலாகாது என அதிபர் அன்போடு அவனைத் தடுக்கின்றார்.

நான்காம் நூலின் முடிவிலே, சக மாணவன் ஒருவன் ஹரியின் கண்முன்னே கொல்லப்படுகின்றான். அதற்கு அடுத்த நூலிலே வரும் ஒரு சிறு செய்தி நுட்பமானது. மாணவரைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகள் தாமாகவே ஓடுகின்றன என்றே அதுவரை ஹரியும் வாசகரும் எண்ணியிருந்தனர். ஐந்தாம் நூலிலே, எலும்பும் தோலுமான கரிய குதிரைகள் அவ்வண்டிகளை இழுப்பதை ஹரி காண்கின்றான். அருகில் நிற்கும் நண்பனுக்கு அவை தெரியவில்லை. மரணத்தைக் கண்ணாற் கண்டு உணர்ந்தவருக்கே அவை தெரியும் என்பது பின்னர் விளங்குகின்றது. குதிரைகள் என்றும் அங்கேதான் இருந்தன, காண்பவன் மாறிவிட்டான். நான்காம் நூலுக்கும் ஐந்தாம் நூலுக்கும் இடையே கழிந்த மூன்று ஆண்டுகளில், பாட்டனையோ பாட்டியையோ இழந்த வாசகர் எத்தனை பேர் இருந்திருப்பர்! அவர்களுக்கு அக்குதிரைகளின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கேதான் இந்நூல்வரிசையின் உண்மையான ஆற்றல் புலப்படும். வாசகரின் வளர்ச்சியிற் பெரும்பகுதி நூல்களுக்கு இடையிலிருந்த காத்திருப்பிலே நிகழ்ந்தது. காத்திருத்தல் ஆங்கில வாசகருக்குப் பழக்கமானதே. 1836ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டிக்கின்ஸ் தம் பிக்விக் கதையை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கியபோது பெரியோர் இவ்வாறு காத்திருந்தனர். சிறுவர் பத்து ஆண்டுகள் ஒரு கதைக்காகக் காத்திருந்ததே புதுமை. மூன்றாம் நூல் வெளிவந்த அன்று, பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லாது புத்தகசாலைக்கு ஓடிவிடுவர் என அஞ்சி, பிரித்தானியாவிலே பிற்பகல் 3.45 மணிக்கே விற்பனையைத் தொடங்கினர். நான்காம் நூலிலிருந்து நள்ளிரவிலே விற்பனை தொடங்கும் வழக்கம் ஏற்பட்டது. பெற்றாரின் கையைப் பிடித்தபடி பிள்ளைகள் தெருவோரங்களில் வரிசையாக நின்றனர். ஏழாம் நூல் வெளிவந்த முதல் நாளிலே பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலுமாக ஒரு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின.

வரிசையில் நின்ற ஆரவாரம் ஓரிரவோடு முடிந்தது. அதற்கு முன்னைய நீண்ட மாதங்களிலே பிள்ளைகள் செய்த வேலையே பயனுடையது. அவர்கள் பழைய நூல்களை மீண்டும் மீண்டும் வாசித்தனர். ஆறாம் நூலின் இறுதியிலே ஸ்னேப் தம் கையாலேயே அதிபரைக் கொல்கின்றார். அவர் துரோகியா, அன்றி எவரும் அறியாத நோக்கமுடைய நண்பரா? இவ்வினாவுக்கு இரண்டு ஆண்டுகள் விடை இல்லை. பிள்ளைகள் முன்னைய ஆறு நூல்களையும் புரட்டிச் சான்று தேடினர். ஒரு சொல்லை, ஒரு பார்வையை, ஒரு மௌனத்தை எடுத்துக்காட்டி வாதிட்டனர். மறுப்போரின் வாதத்துக்குச் செவிசாய்த்தனர். சிலர் தம் கருத்தை மாற்றிக்கொண்டனர். ஒரு மனிதனைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறாமல், சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் இப்பயிற்சியை வகுப்பறையிலே ஊட்டுவது எவ்வளவு அரிதென்பதை ஆசிரியர் அறிவர். கடைசிப் பக்கத்தை உடனே புரட்டிப் பார்க்க இயன்றிருந்தால் அப்பயிற்சி நிகழ்ந்திராது. ஸ்னேப்பைப் பற்றிய விடையை இங்கே கூறுதல், இனிமேல் வாசிக்கவிருக்கும் பிள்ளைக்குச் செய்யும் அநீதியாகும்.

இந்நூல்களுக்கு எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்கத் திறனாய்வாளர் ஹரல்ட் புளூம், 2000ஆம் ஆண்டில், முதல் நூலின் நடை தேய்ந்த சொற்றொடர்களால் ஆனது எனச் சாடினார். ஆங்கில நாவலாசிரியை ஏ. எஸ். பயட், 2003ஆம் ஆண்டில், இது பிற கதைகளிலிருந்து திரட்டிய இரவல் உலகம் எனவும், வளர்ந்தோர் இதிற் குழந்தைப் பருவத்தின் சுகத்தை நாடுகின்றனர் எனவும் எழுதினார். மந்திர தந்திரங்களைப் பிள்ளைகளுக்குப் புகட்டுகின்றதென மதப்பற்றுடைய பெற்றார் சிலர் குறைகூறினர். 2000 முதல் 2009 வரையான காலத்தில், அமெரிக்க நூல்நிலையங்களிலிருந்து அகற்றுமாறு மிகுதியாகக் கோரப்பட்ட நூல்களின் பட்டியலில் இவ்வரிசையே முதலிடம் பெற்றது.

இக்குறைகளை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. நடையழகிலே இந்நூல்களை விஞ்சிய சிறுவர் இலக்கியங்கள் ஆங்கிலத்தில் உள. ஆயினும் ஒரு நூலின் பயனை அதன் சொற்களை மட்டும் கொண்டு அளவிட முடியாது. வாசித்தவரின் உள்ளத்தில் அது செய்ததையும் நோக்க வேண்டும். இக்கதையிலே, மந்திரக் குடும்பத்திற் பிறவாத பிள்ளைகளை இழிகுலத்தோர் எனத் தூற்றும் கூட்டம் ஒன்று வருகின்றது. ஹரியின் தோழி ஹெர்மயனி அவ்வாறு தூற்றப்படுபவள். வகுப்பிலே முதன்மையானவளும் அவளே. இத்தாலிய ஆய்வாளர் சிலர், ஆரம்பப் பாடசாலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு வாரங்கள் இக்கதைப் பகுதிகளை வாசிக்கக் கொடுத்து, அவற்றைப் பற்றி உரையாடச் செய்தனர். ஒரு சாராருக்குப் பாகுபாட்டைப் பற்றிய பகுதிகளும், மறு சாராருக்கு வேறு பகுதிகளும் கொடுக்கப்பட்டன. பாகுபாட்டுப் பகுதிகளை வாசித்தோருள், ஹரியோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொண்ட பிள்ளைகளிடத்தே, வேற்று நாடுகளிலிருந்து குடியேறியோர் மீதான மனப்பாங்கு நல்வழியிலே மாறியிருந்ததென அவர்கள் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. கதையை வாசித்தலோடு அதைப் பற்றி உரையாடலும் இங்கே சேர்ந்திருந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

வளர்ச்சியின் இன்னொரு படி, நூல்கள் முடிந்தபின் வந்தது. 2020ஆம் ஆண்டில், பால் அடையாளம் பற்றி ஆசிரியை வெளியிட்ட கருத்துகள் அவருடைய வாசகரிடையே கடும் பிளவை உண்டாக்கின. சிலர் அவர் பக்கம் நின்றனர். பலர் மனம் நொந்தனர். திரைப்படங்களிலே ஹரியாக நடித்தவரே அவருக்கு மாறான கருத்தைப் பகிரங்கமாகக் கூறினார். நொந்தவர்களுக்கு ஒரு வினா எழுந்தது: கதையைப் படைத்தவரோடு உடன்பட முடியாதபோது, அக்கதைமீது கொண்ட அன்பை என்செய்வது? சிலர் நூல்களை விலக்கிவைத்தனர். சிலர், ஒருமுறை வாசகரின் நெஞ்சிலே குடிபுகுந்த கதை வாசகருக்கே உரியது என்றனர். விடை எதுவாயினும், அவ்வினாவைத் தாமே எதிர்கொண்டமை அவர்கள் முதிர்ந்த வாசகராகிவிட்டனர் என்பதைக் காட்டுகின்றது. டம்பிள்டோரின் குறைகளைக் கதையிலே கண்டவர்கள், பெரியோர் என மதித்தவரோடு முரண்படும் நிலையை வாழ்விலும் கண்டனர்.

இன்று ஏழு நூல்களும் ஒரே பெட்டியிலே கிடைக்கின்றன. 2001 முதல் 2011 வரை வெளிவந்த எட்டுத் திரைப்படங்களும் உள்ளன. பத்து வயதுப் பிள்ளை விடுமுறை ஒன்றிலேயே ஏழு நூல்களையும் முடித்துவிடலாம். அப்பிள்ளை கதையை அறியும்; ஆனால் கதையோடு வளர்வதற்கு வேண்டிய காலம் அதற்குக் கிடைப்பதில்லை. பதினேழு வயது வாசகரை எண்ணி எழுதப்பட்ட துயரங்கள், பத்து வயதிலே பொருள் விளங்காமற் கடந்துபோகும். அன்றி, தாங்க முடியாத சுமையாகும்.

ஆகவே பெற்றாரும் ஆசிரியரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நூலைக் கொடுப்பதோடு காலத்தையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். முதல் மூன்று நூல்களைப் பத்து, பதினொரு வயதிலே வாசிக்கவிடலாம். நான்காம் நூலிலிருந்து ஆண்டுக்கொன்றாக அளவறிந்து கொடுக்கலாம். இடைக்காலத்திலே, அடுத்து என்ன நிகழும் என்று பிள்ளையிடம் வினவலாம். அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் யாதென்றும் வினவலாம். பிள்ளை கூறும் விடை தவறாயினும் திருத்த வேண்டியதில்லை. அடுத்த நூல் அதனைத் திருத்தும். இம்முறை இந்நூல்வரிசைக்கு மட்டும் உரியதன்று. பல பாகங்களாக விரியும் எந்த நல்ல கதைக்கும் பொருந்தும். மீதியை விரைந்து அறிய விரும்பும் பிள்ளைக்கு, சற்றுப் பொறுத்து அதை எண்ணிப் பார்க்கும் இன்பத்தையும் பழக்குதல் நம் கடமையாகும்.

1997ஆம் ஆண்டிலே பதினொரு வயதினராயிருந்தோர் இன்று நடுத்தர வயதை எட்டிவிட்டனர். அவர்களுட் பலர் மூலை மடிந்த அதே பழைய பிரதியைத் தம் பிள்ளைகளுக்கு இரவிலே வாசித்துக் காட்டுகின்றனர். ஓர் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவிடுகின்றனர். இன்னும் ஓர் அத்தியாயம் வேண்டுமெனப் பிள்ளை கெஞ்சுகின்றது. மீதி நாளைக்கு என்று கூறி விளக்கை அணைக்கின்றனர்.